மற்றொரு மதராஸ்

2017 ஆகஸ்ட் 21ஆம் திகதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் பற்றிய செய்திகளில் 'மதராஸ்' என்ற ஊர்ப்பெயரைக் கண்டு திகைத்தேன். சென்னை அப்பெயரைக் களைந்தது 1996இல் அல்லவா? பிறகு இது எந்த மதராஸ்?

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், ஜெபர்சன் கவுண்டியின் தலைமை நகரம் அது. 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி சனத்தொகை 7,456. கரட் விதைக்குப் பேர்போன வரண்ட மேட்டுநிலம்.

1902இல் ஜோன் பால்மேன் என்பவர் அங்கு மனைகளைப் பிரித்து, தம் பெயரைத் தழுவி 'பல்மெய்ன்' என ஊருக்குப் பெயரிட்டார். தபால் திணைக்களம் ஏற்கவில்லை. 'பாமர்' என்ற வேறோர் ஊர்ப்பெயருடன் குழம்பிவிடுமாம். தபாற்காரரின் வசதிக்காக ஒரு மனிதரின் ஆசை பலியாயிற்று! மாற்றுப் பெயர் தேடியவர்களின் கண்ணில், கடையொன்றிலிருந்த மதராஸ் பருத்தித் துணிச்சுருள் பட்டது என்பதே பெரிதும் சொல்லப்படும் வரலாறு.

மதராஸ் துணி என உலகம் அறிந்ததை முதலில் நெய்தவர்கள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் நெசவாளர்கள். அவர்களுடைய ஊர்ப்பெயர்கள் கப்பலேறவில்லை. ஏற்றுமதித் துறைமுகத்தின் பெயரே ஏறியது. ஒரேகனிலோ, அந்த மண்ணின் பழங்குடியினர் 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் நிலத்தைக் கையளித்துவிட்டு, மதராசுக்கு அருகேயுள்ள வோர்ம் ஸ்பிறிங்ஸ் ஒதுக்கிடத்துக்குள் ஒடுங்க நேர்ந்தது. துணிச்சுருள் கதையில் அவர்களுடைய மொழிக்கும் இடமில்லை.

1911இல் புகையிரதம் வந்தது, ஊர் நிலைத்தது. அங்குள்ளோர் முதலசையை அழுத்தி, 'மேட்றஸ்' என்று உச்சரிக்கிறார்கள்.