தமிழ்த் திகில் படங்களில் ஒலி

திகில் படங்களில் திரையில் காட்டப்படாத ஒன்று அருகில் இருக்கிறது என்று பார்வையாளரை நம்பச் செய்வது பெரும்பாலும் ஒலியே. பின்னணி இசை, சூழல் ஒலி, குரல், மௌனம் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. எனினும் ஒலியை அச்சமூட்டும் கருவியாகக் கையாளும் முறை தமிழில் மெதுவாகவே வளர்ந்தது.

செவியும் அச்சமும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வயநாட்டை ஒட்டி அமைந்துள்ளது பந்தலூர். தேயிலைத் தோட்டங்களும் காடும் அடுத்தடுத்து இருப்பதால் குடியிருப்புகளை ஒட்டி யானைகள் வருவது இங்கு வழக்கம். பனி மூடிய இரவில் கண்ணால் பயனில்லை. மூங்கில் முறியும் ஓசையே யானை இருப்பதைச் சொல்லும். அந்த ஓசை நின்றுவிட்டால் அச்சம் குறைவதில்லை. யானை போய்விட்டதா, அசையாமல் நிற்கிறதா என்று தெரியாததால் அச்சம் கூடவே செய்கிறது. திகில் படங்களில் ஓர் ஒலி எழுந்து சட்டென்று அடங்குவது இதே இயல்பைப் பயன்படுத்துகிறது.

அமெரிக்க உயிரியலாளர் டேனியல் புளூம்ஸ்டீன், மார்மட் என்னும் மலைவாழ் விலங்குகளின் அபாயக் குரல்களை ஆராய்ந்தவர். அவரும் குழுவினரும் 2010இல் நூற்றுக்கு மேற்பட்ட படங்களின் ஒலித்தடங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அஞ்சிய விலங்கின் கதறலில் உள்ள கரகரப்பும் திடீர்ச் சுருதி மாற்றமும் திரைப்பட ஒலிகளிலும் கையாளப்படுவதை அது காட்டியது.

பாடல் என்னும் தடை

தொடக்ககாலத் தமிழ்ப் படங்கள் பாடல்களை நம்பியிருந்தன. இறுக்கம் உச்சத்தை நெருங்கும்போது வரும் பாடல் அதைத் தளர்த்திவிடும். வீணைக் கலைஞரான எஸ். பாலசந்தர் இதை உணர்ந்தார். ஏவி.எம். நிறுவனத்துக்காக அவர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடல்களே இல்லாத முதல் தமிழ்ப் படம். அது கொலை மர்மக் கதையே தவிரப் பேய்ப்படம் அல்ல. வணிக வெற்றியும் பெறவில்லை. ஆனால் பாடலின்றியும் ஒரு தமிழ்ப் படத்தின் இறுக்கத்தை இறுதிவரை காக்க முடியும் என்று அது நிறுவியது.

1960களில் பாடலே மர்மத்தின் கருவியாக மாறியது. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) முற்பிறவிக் கதையைச் சொன்னது. ‘யார் நீ’ (1966) ‘வோ கௌன் தீ’ என்ற இந்திப் படத்தின் தழுவல். இரவில் எங்கிருந்தோ கேட்கும் பெண்குரல் ஒரு மரபாக வேரூன்றியது. முகம் தெரியும் முன்பே குரல் வந்துவிடுவதுதான் அதன் உத்தி.

மூடுபனி

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தின் குளியலறைக் கொலைக்கு இசை வேண்டாம் என்றே இயக்குநர் முதலில் கருதினார். பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு அமைத்த இசையைக் கேட்டபின் மனம் மாறினார். கீச்சிடும் அந்த வயலின் ஒலி உலகெங்கும் பின்பற்றப்பட்டது.

‘சைக்கோ’வின் தாக்கம் கொண்ட ‘மூடுபனி’ 1980இல் வெளிவந்தது. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா இயக்கிய இப்படம் இளையராஜாவின் நூறாவது படம். பாலு மகேந்திராவின் இயக்கத்தில் இளையராஜா இசையமைத்த முதல் படமும் இதுவே. மனம் பிறழ்ந்த நாயகன் தான் விரும்பும் பெண்ணை உதகைக்குக் கடத்திச் செல்கிறான். இங்கே அச்சத்தின் ஊற்று பேய் அல்ல, நாயகனின் மனம். ஆகவே பின்னணி இசை அவனுடைய மனநிலையைச் சொல்ல வேண்டியிருந்தது.

திரைக்கு வெளியே

ஒற்றைத் தட ஒலி திரையின் பக்கமிருந்து மட்டுமே வந்தது. ‘கருப்பு ரோஜா’ (1996) என்ற திகில் படம் டிடிஎஸ் முறையில் வெளியான முதல் தமிழ்ப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. இதன்பின் காலடியோசை பார்வையாளரின் முதுகுக்குப் பின்னாலும் கேட்க முடிந்தது. ஒலி வந்த பக்கம் தலை தானாகத் திரும்பும். அங்கே இருள் மட்டுமே இருக்கும்.

2009இல் வெளியான ‘ஈரம்’ நீரையே ஆவியின் ஊடகமாக்கியது. ஆகவே சொட்டும் நீரின் ஓசைகூட எச்சரிக்கையாக மாறியது. ‘பீட்சா’ (2012) கைவிளக்குடன் ஒரு பங்களாவில் சிக்கிய இளைஞனைக் காட்டியது. விளக்கொளி படாத இடங்களை அங்கே ஒலி நிரப்பியது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) வேறு வழியில் சென்றது. அரோல் கொரேலியின் இசை ஆவியின் துயரத்தை முன்னிறுத்தியது. அச்சம் இரக்கமாக மாறியது.

அதிரடி ஓசையால் திடுக்கிட வைப்பது எளிது. ஆனால் அது நொடியில் தீர்ந்துவிடும், திரும்பத் திரும்பச் செய்தால் பழகியும்விடும். அடுத்து எப்போது, எங்கிருந்து ஒலி வரும் என்று காத்திருக்கச் செய்வதே நீடித்த இறுக்கத்தைத் தருகிறது.