ஆண்டுத் தாக்கல் (சிறு நிறுவனங்கள்)

இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவான ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் நிறுவனப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டிய ஆவணங்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பதிவாளர் அலுவலகங்கள் உள்ளன. தாக்கல் இணையவழியில் நடைபெறுகிறது.

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பொதுவாகச் செப்டம்பர் 30க்குள் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்க வேண்டும். அதிலிருந்து 30 நாட்களுக்குள் தணிக்கை செய்த கணக்குகளை ஏஓசி-4 படிவத்திலும், 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையை எம்ஜிடி-7ஏ படிவத்திலும் அளிக்க வேண்டும். இந்த இரண்டாவது படிவம் சிறு நிறுவனங்களுக்கும் ஒருநபர் நிறுவனங்களுக்கும் உரிய சுருக்கப் படிவம்.

வருமான வரிக் கணக்கைக் கொடுத்துவிட்டால் போதும் என்றோ, வியாபாரமே நடக்காத ஆண்டில் எதுவும் வேண்டாம் என்றோ பல உரிமையாளர்கள் நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. ஒரு ரூபாய்கூட வரவில்லாத நிறுவனத்துக்கும் தணிக்கையும் தாக்கலும் உண்டு. தாமதக் கட்டணம் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். சட்டம் இதற்கு உச்சவரம்பு வைக்கவில்லை. இரு படிவங்களும் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். சிறு முதலாளிக்கு இது மிகக் கடுமையான சுமை.

தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் 164(2) பிரிவின்படி இயக்குநர்கள் ஐந்தாண்டுகள் தகுதியிழப்பர். இரண்டு நிதியாண்டுகள் தொழில் எதுவும் நடத்தாத நிறுவனத்தின் பெயரைப் பதிவாளர் 248ஆம் பிரிவின்கீழ் நீக்கலாம். 2017இல் இப்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட பெயரை மீட்கத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். தொழிலைச் சிலகாலம் நிறுத்திவைக்க விரும்புவோர் 455ஆம் பிரிவின்கீழ் செயலற்ற நிலை கோரலாம். பலருக்கு இந்த வழி தெரிவதில்லை.