எச்.ஐ.வி.யும் உடன்வரும் நோய்களும் (சிங்கப்பூர்)

சிங்கப்பூரில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1985இல் கண்டறியப்பட்டது. அன்று மரணத் தீர்ப்பாகக் கருதப்பட்ட தொற்று, கூட்டுமருந்துகள் வந்தபின் நீரிழிவைப்போல் நாள்தோறும் மாத்திரையுடன் வாழும் நோயாகிவிட்டது. ஆயுள் நீண்டதால் இதயநோய், சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் கூடவே வருகின்றன.

தெம்பனிஸ்வாசி ஒருவர் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திலும், எச்.ஐ.வி. மருந்தை நொவீனாவில் 2019இல் திறக்கப்பட்ட தேசியத் தொற்றுநோய் நிலையத்திலும் வாங்கலாம். சிக்கல் இங்கேதான். ரிட்டோனவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்தோடு கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் சேர்ந்தால் தசை சிதையக்கூடும். ஆகவே இரு இடங்களின் மருத்துவர்களும் முழு மருந்துப் பட்டியலையும் பார்த்தாக வேண்டும். நோயை மறைப்பவரிடம் அது எளிதல்ல.

உடன்வரும் இன்னொரு சிக்கல் போதைப்பழக்கம். 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமின் பழக்கம் மாத்திரையை மறக்கடிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், மனப்பிறழ்வையும் தூண்டும். போதைக்கு அடிமையானவர் என ஐயுறும் நோயாளியை மருத்துவர் 7 நாள்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உதவி நாடத் தயங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

நோயை மறைக்கும் போக்கை உடைத்து, 1998இல் பேடி சியூ தம் தொற்றை வெளிப்படையாக அறிவித்த முதல் சிங்கப்பூரர் ஆனார். மறு ஆண்டே காலமானார். 2019 ஜனவரியில் 14,200 பேரின் எச்.ஐ.வி. பதிவு விவரங்கள் கசிந்தது தெரியவந்தபோது நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பழைய அச்சம் திரும்பியது. செலவைப் பொறுத்தவரை, 2020 செப்டம்பர் முதல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கு அரசு மானியம் வழங்கப்படுகிறது.