இரசவாதத்திற் காற்று: ஒரு குறியீட்டின் வரலாறு

தமிழில் 'ஆவி' என்னும் சொல் உயிரையும் குறிக்கும். கொதிநீரினின்று எழுவதையும் குறிக்கும். இத்தகைய பொருளிணைவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்தின் 'நியூமா', இலத்தீனின் 'ஸ்பிரித்துஸ்' ஆகியனவும் மூச்சு, உயிர் என்னும் இரண்டையும் சுட்டுவன. அறபியில் உயிரைக் குறிக்கும் 'றூஹ்' என்பதும் காற்றைக் குறிக்கும் 'றீஹ்' என்பதும் ஒரே வேரிற் பிறந்தவை. இரசவாதிகள் காற்றினை எவ்வாறு கருதினர் என்பதை ஆராயப் புகுவோர் இச்சொற்களினின்றே தொடங்குதல் தகும்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டிலே மிலேத்தஸ் நகரத்து அனக்சிமெனிஸ் காற்றே யாவற்றுக்கும் மூலம் என்றார். அரிஸ்டோட்டில் அதனை வெப்பமும் ஈரமும் பொருந்திய பூதமாக வகுத்தார். ஆயின் உலைமுகத்தில் நின்ற இரசவாதியைக் கவர்ந்தது இத்தத்துவமன்று. தீயிலிட்டவுடன் பறந்தோடும் பொருள்களின் இயல்பேயாம். ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் அறபு நூல்கள் இரசம், கந்தகம், நவச்சாரம் முதலியவற்றை 'ஆவிகள்' என்றே வகைப்படுத்தின. ஓடும் ஆவியை நிலைநிறுத்துவது இத்தொழிலின் பெருநோக்கங்களுள் ஒன்றாயிற்று. 1617இல் மிக்கேல் மையர் வெளியிட்ட சித்திரநூலின் முதற்படத்திலே, காற்று தன் வயிற்றில் ஒரு குழவியைச் சுமந்து நிற்கக் காண்கிறோம்.

இந்திய மரபு இதே சிக்கலை உடலுக்குள் கொண்டு சென்றது. இரசார்ணவம் என்னும் வடமொழி நூல், உடலை நிலைபெறச் செய்யும் நெறி இரசம், காற்று என இருவகைத்து என்கிறது. இரண்டும் நிலையில்லாதன, இரண்டும் கட்டப்பட வேண்டியன. தமிழ்ச் சித்தர் மரபில் இரசத்தைக் கட்டி மணியாக்குதலும், பூரகம், கும்பகம், இரேசகம் என்பவற்றால் வாசியைக் கட்டுதலும் அருகருகே பேசப்படுவதன் பொருத்தம் இதுவே. 'வாசி' என்பதைத் திருப்பிச் 'சிவா' எனக் காண்பதும் சொல்விளையாட்டு மட்டுமன்று. வெளியேறும் மூச்சை உள்ளே திருப்பும் பயிற்சியையே அது உணர்த்துகிறது என்பது நமது துணிபு.

மேற்கிலோ காற்று தராசில் ஏறியது. பான் ஹெல்மொன்ற் 62 றாத்தல் கரியை எரித்தால் 1 றாத்தல் சாம்பலே எஞ்சும் எனக் கணக்கிட்டு, மறைந்த 61 றாத்தலைக் 'காட்டு ஆவி' என்றார். 'காஸ்' என்னும் சொல்லை ஆக்கியவரும் அவரே. அவர் மறைந்தபின் 1648இல் அவர்தம் நூல் வெளிவந்தது. இங்கும் 'ஆவி' என்ற பழம்பெயர் விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சித்தர் ஒட்சிசனை முன்னரே அறிந்திருந்தனர் என்று சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. பான் ஹெல்மொன்ற் தேடியது உலையினின்று தப்பிய பொருளின் நிறையை; சித்தர் தேடியது தம் உடலினின்று தப்பும் உயிரை. அவர்தம் பத்து வாயுக்கள் உடலின் தொழில்களுக்கு இட்ட பெயர்கள். குடுவையில் அடைத்து நிறுக்கத்தக்கனவல்ல. இம்மயக்கத்துக்கு நமது கலைச்சொல்லாக்கமும் ஓரளவு காரணமாகும். பான் ஹெல்மொன்றின் 'காஸ்' தமிழுக்கு வந்தபோது, அதற்கு நாம் இட்ட பெயரும் 'வாயு' என்பதேயன்றோ?