தேய்ந்துபோகும் கார்பனின் கதை



பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, என் மகன் தன் ரிமோட் விமானத்தின் மோட்டாரைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் மோட்டார் போடப்போகிறான். அப்படி என்ன வித்தியாசம்?" பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

வகுப்பில் படித்த மின்மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். காந்தங்களுக்கு நடுவே கம்பிச்சுருள். ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் மின்னோட்டத்தின் திசை மாற வேண்டும். மாறாவிட்டால் சுருள் நின்றுவிடும். அந்த வேலையைச் செய்வது பிளவு வளையமும் அதை உரசி நிற்கும் கார்பன் பிரஷும். மிக்ஸி ரிப்பேர்காரர் "கார்பன் போயிடுச்சும்மா" என்பாரே, அதேதான். உரசினால் தேயும், பொறி பறக்கும், சூடாகும். சமையலறை மேடையில் இருக்கும் மிக்ஸிக்கு இது பொறுத்துக்கொள்ளும் குறை. ஒவ்வொரு கிராமும் கணக்கான குட்டி விமானத்துக்கு அப்படியில்லை.

அதனால்தான் மாதிரி விமானங்கள் நெடுங்காலம் சின்ன எஞ்சின்களை நம்பியிருந்தன. மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள். காது கிழியும் சத்தம். 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்ற மாதிரி விமானத்தை மின்மோட்டாரால் பறக்கவிட்டார். வெள்ளி-துத்தநாக பேட்டரி. ஜெர்மனியில் ஃபிரெட் மிலிட்கி இதே முயற்சியை விடாமல் தொடர்ந்தார். 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில், அவருடைய யோசனைப்படி உருவான மின்விமானம் ஒரு மனிதரையே சுமந்து பறந்தது! ஆனாலும் நிக்கல்-காட்மியம் பேட்டரியின் எடையும் பிரஷ் மோட்டாரின் இழப்பும் சேர்ந்து, மின்சாரம் என்றால் சில நிமிடப் பறத்தல்தான் என்ற நிலை நீடித்தது.

பிரஷ்ஷை எடுத்துவிடலாம். ஆனால் அது செய்த வேலையை யார் செய்வது? 1962-இல் அமெரிக்காவில் வில்சன், டிரிக்கி என்ற இருவர், டிரான்சிஸ்டர்களைக் கொண்டே மின்னோட்டத் திசையை மாற்றலாம் என்று காட்டினார்கள். இப்போது சுருள் அசையாமல் நிற்கும், காந்தம் சுற்றும். உரசல் இல்லை. அடுத்து 1980களில் நியோடிமியம் காந்தம் வந்தது. சிறிய துண்டிலேயே பெரும் வலிமை. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்றும் மூன்று திசைகளிலிருந்து வந்தவை. எதுவும் பொம்மை விமானத்துக்காகப் பிறந்ததில்லை.

அவற்றை விமானத்தில் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணப் பொழுதுபோக்காளர்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்ப்யூட்டரின் சிடி டிரைவ்கள் குப்பைக்குப் போகத் தொடங்கின. தட்டைச் சுழற்ற அவற்றுள் இருந்தது ஒரு பிரஷ்லெஸ் மோட்டார். அதைப் பிரித்து, மெல்லிய கம்பியை அவிழ்த்துவிட்டு, தடித்த கம்பியைக் கையால் சுற்றி, கிண்ணம் போன்ற வெளிக்கூட்டுக்குள் நியோடிமியம் துண்டுகளை ஒட்டினார்கள். பறந்தது! எத்தனை சுற்று, என்ன கம்பி என்பதையெல்லாம் ஒருவருக்கொருவர் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைய டிரோன் மோட்டார்களும் அதே கிண்ண வடிவம்தான்.

இன்னொரு அழகு. அந்த மோட்டாருக்கு மூன்று கம்பிகள். எந்த நேரத்திலும் இரண்டில் மின்சாரம் ஓடும். மூன்றாவதில் காந்தம் சுற்றுவதால் தானே உண்டாகும் மின்னழுத்தத்தை வைத்து, காந்தம் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் கருவி அறிந்துகொள்ளும். ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் அது.

தம்பிக்குச் சில குறிப்புகள்: மோட்டாரை மட்டும் மாற்றினால் போதாது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மாற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். எடை மாறியிருக்கும், ஈர்ப்பு மையத்தைச் சரிபார். முக்கியமாக, காற்றாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். விரல் போனால் வராது.

2021-இல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரும் பிரஷ்லெஸ் மோட்டாரில் சுற்றியதுதான். உங்கள் வீட்டு பிஎல்டிசி மின்விசிறியும் அதே குடும்பம்.

பாடப்புத்தகத்தில் ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு பெயர் எழுதி மனப்பாடம் செய்யவைத்தோம். சிடி டிரைவைப் பிரித்தவர்களின் பெயர் எந்தத் தேர்விலும் வராது. பரணில் பழைய சிடி டிரைவ் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பிள்ளைகள் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு கொடுங்கள்.