எலியேசர் ஏன் போனார், துரைராஜா ஏன் வந்தார்?

விஞ்ஞானம் படித்த பிள்ளை ஒன்று பட்டம் முடித்துவிட்டு ஸ்கந்தபுரத்துக்கு வந்தால் ஊரில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தம்பி, வெளியில போறியா, இல்லாட்டி கவுண்மேந்து வேலை பாக்கிறியா?" பின்னாலேயே தீர்ப்பும் வரும். போனவர் ஊரை மறந்தவர், நின்றவர் தியாகி. இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னம் இதே இடத்தில் நின்ற இரண்டு பேரைப் பார்ப்போம்.

முதலாமவர் சி. ஜே. எலியேசர், 1918 இல் பிறந்த கணிதவியலாளர். கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் படித்தவர். கதிர்வீச்சை வெளிவிடுகிற இலத்திரன் எப்படி நகரும் என்ற சிக்கலில் அவர் பெயராலேயே ஒரு தேற்றம் இருக்கிறது. அவர் வெளியிலேயே நின்றுவிடவில்லை. திரும்பி வந்து, 1949 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம். 1958 இல் கலவரம். 1959 இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1968 இல் மெல்பேர்ணில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கு.

இரண்டாமவர் அழகையா துரைராஜா. வடமராட்சிக்காரர், 1934 இல் பிறந்தவர். அவரும் கேம்பிரிட்ஜ் போனார், ஆனால் அவர் எடுத்தது மண். ஈரக்களியை அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் தள்ளினால் அது எப்படி உருமாறும், உராய்வில் எவ்வளவு சக்தி கழியும் என்பதுதான் அவருடைய ஆய்வு. கலைப்பீடத்துப் பிள்ளைகளான எங்களுக்குச் சமன்பாடு ஓடாது. ஆனால் குளக்கட்டு ஏன் நிற்கிறது, ஏன் சரிகிறது என்ற கேள்வி எங்கட ஊரில் எல்லாருக்கும் விளங்கும். றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை மண்ணியக்கவியலின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று. அந்தக் குழுவின் வேலையில் பிறந்த 'கேம் கிளே' மாதிரியை இன்றைக்கும் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

அவர் இலங்கைக்குத் திரும்பினார். பேராதனைப் பொறியியல் பீடத்தின் பீடாதிபதியாக இருந்தார். 1988 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். குண்டுவீச்சும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம் அது. சைக்கிளில் வேலைக்குப் போன துணைவேந்தர் என்று இன்றைக்கும் அவரைச் சொல்லுவினம். 1994 இல் இறந்தார்.

சைக்கிள் கதையோடு நிறுத்தினால் இது தியாகக் கதையாகத்தான் முடியும். நாங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு பேரும் ஆய்வு முடித்து வந்தபோது, அவர்கள் வந்து இருக்க இங்கே ஒரு கதிரை இருந்தது. பதவி, மாணவர்கள், நூலகம், கூட வேலை செய்ய ஆட்கள். எலியேசருக்கும் அது கிடைத்தது. அவருடைய காலத்திலேயே அதைச் சுற்றியிருந்த நாடு மாறிப்போனது. இரண்டு பேரின் மனதை மட்டும் ஒப்பிட்டால் இது தெரியாது.

வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதிரை எப்போது கிடைத்தது? 1970களில் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஆனால் கிளிநொச்சி 1984 வரைக்கும் யாழ் மாவட்டத்துக்குள்ளேதான் இருந்தது. அதனால் ஒரு குடியேற்றத்திட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளோடு ஒரே ஒதுக்கீட்டுக்குள் போட்டி போட்டது. பின்தங்கிய இடத்துக்கு என்று வந்த ஏற்பாடு, பின்தங்கிய இந்த இடத்துக்கு அப்போது வந்து சேரவில்லை.

துரைராஜா துணைவேந்தராக இருந்தபோது, 1990 இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு யூனில் போரும் திரும்பத் தொடங்கியது. பீடம் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டி வந்தது. 1996 இல் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. அந்தச் சனம் வந்து ஒதுங்கிய ஊர்களில் ஸ்கந்தபுரமும் ஒன்று. போர் முடிந்த பிறகுதான் பீடம் கிளிநொச்சிக்குத் திரும்பி அறிவியல் நகரில் நிலைகொண்டது. 2014 இல் பொறியியல் பீடமும் அங்கே வகுப்புகளைத் தொடங்கியது.

ஆக, இன்றைக்கு உயர்தரம் முடித்த ஒரு ஸ்கந்தபுரத்துப் பிள்ளை சொந்த மாவட்டத்திலேயே விவசாயமும் பொறியியலும் படிக்கலாம். துரைராஜாவின் தலைமுறைக்கு இது இல்லை. ஆனால் அவர்களுக்கு இருந்த ஒன்று எங்களுக்குக் குறைவு: பட்டத்துக்குப் பிறகு வேலை செய்ய ஒரு இடம். தற்காலிக விரிவுரையாளர் பதவி சில மாதங்களுக்கு. பிறகு ஆசிரியர் வேலை, அல்லது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். மண்ணையும் நீரையும் சோதிக்கப் படித்த பிள்ளை அங்கே படிவம் நிரப்புகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு கடவுச்சீட்டு வரிசை ஏன் நீண்டது என்று கேட்கத் தேவையில்லை.

அதனால் முதல் வேலையைத் தெரிகிற நண்பர்களுக்கு எங்களிடம் இருப்பது சில கேள்விகள்தான். அங்கே யாரோடு வேலை செய்யப் போகிறாய்? உனக்குத் தெரியாததைச் சொல்லித்தர ஆள் இருக்கா? ஆய்வுகூடத்துக் கருவி ஓடுதா? புலமைப்பரிசிலில் போனால், திரும்பி வந்து எத்தனை வருசம் வேலை செய்யச் சொல்லி ஒப்பந்தம் கேட்கிறது? முக்கியமாக, திரும்பி வர ஒரு பதவி இருக்கா?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளை மட்டும் இல்லை. பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாகாண சபையும் பதில் சொல்ல வேணும். "ஏன் வெளியில போறாய்?" என்று பிள்ளையைக் கேட்கிற ஊர், வன்னியில் ஆய்வுப் பதவிகள் எத்தனை என்று அவர்களையும் கேட்கலாம். துரைராஜா போல ஒருவர் இனி வரமாட்டாரா என்று ஏங்குகிறோம். வந்தால் எங்கே இருப்பார் என்பதை முதலில் பார்ப்போம்.