லயத்துக்கு மின்சாரம் வந்த வழி

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட லயன் குடியிருப்புகள் தீப்பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவற்றின் கடைசி வரி மனப்பாடமாகியிருக்கும். மின்ஒழுக்கே காரணம் என்று சந்தேகிக்கப்படுகிறது, பொலிஸார் விசாரணை நடத்துகின்றனர். அந்த விசாரணை எங்கே முடிந்தது என்ற செய்தி அநேகமாக வருவதில்லை. எரிந்த வீட்டுக்காரர்கள் தோட்டப் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கியிருக்க, அடுத்த தோட்டத்திலிருந்து அதே வரியோடு இன்னொரு செய்தி வந்துவிடுகிறது.

எந்தக் கம்பியில் ஒழுகியது? அந்தக் கம்பியை யார், எப்போது, எந்தத் திட்டத்தின்படி இழுத்தார்கள்? இதற்கு விடை தேடுவதற்காகப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரேயொரு லயத்தை எடுத்துக்கொண்டேன். பழைய கருங்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் இஸ்தோப்பு என்ற வராந்தா, முதுகோடு முதுகாக இரு வரிசைக் காம்பராக்கள், அதாவது ஓரறை வீடுகள். மக்கள் இன்றும் தூங்கி எழும் வீடுகளின் உள்விவரம் இது என்பதால் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் இப்படிப்பட்ட லயம் எங்கும் உண்டு.

காகிதத்தில் லயம்

தோட்டத்தின் கதையைத் தேடுபவர்கள் முதலில் போகும் இடம் பெர்குசன் டிரெக்டரி. தோட்டத்தின் பெயர், உடைமையாளர், கொழும்பு ஏஜென்சிக் கம்பனி, தோட்டத்தை நடத்திய துரையின் பெயர், பயிரிட்ட ஏக்கர் எல்லாம் அதில் கிடைக்கும். மின்சாரத்தைத் தேடுகிறவருக்கு அதில் நேரடி விடை கிடையாது. ஆனால் எந்த ஆண்டில் தோட்டம் யார் கையில் இருந்தது என்று தெரிந்தால், கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் எந்த ஆவணக் கட்டைக் கேட்பது என்றும் தெரியும்.

லயத்தைப் பற்றிச் சட்டம் பேசாமலில்லை. 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தின் காலத்திலிருந்து தொழிலாளர் குடியிருப்பின் சுகாதாரம் அரசின் கவனத்தில் இருந்தது. காற்றோட்டம், வடிகால், கூரை, ஒரு காம்பராவில் எத்தனை பேர் என்பவை பற்றி அதிகாரிகள் எழுதினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவு தோட்ட வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. நோய் பரவினால் வேலை நின்றுவிடும் என்பதால் காற்றும் வடிகாலும் காகிதத்தில் இடம்பிடித்தன. இருட்டைப் பற்றி அப்படியொரு கவலை எழவில்லை.

அதே ஆண்டுகளில் இலங்கையில் மின்சாரத்தைப் பற்றிப் பெரிய கனவுகள் பிறந்துகொண்டிருந்தன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தவர். 1918-இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, மலைநாட்டு ஆறுகளிலிருந்து முழுத் தீவுக்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு காட்டியது. அந்தக் கனவின் லக்சபான நீர்மின் நிலையம் 1950-இல்தான் இயங்கத் தொடங்கியது. ஆனால் தேயிலைத் தோட்டங்கள் லக்சபானவுக்காகக் காத்திருக்கவில்லை.

ஓடையோரத்துச் சாட்சி

நான் போன தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே, ஓடையோரம், புதர் மூடிய கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. மேலே மலையிலிருந்து இரும்புக் குழாய் இறங்கி வந்த தடமும், அதைத் தாங்கிய கொங்கிரீட் கட்டைகளும் இன்னும் தெரிகின்றன. இங்கேதான் தோட்டத்தின் சொந்த டர்பைன் ஓடியது. இலங்கைத் தோட்டங்களில் ஏறத்தாழ 500 சிறு நீர்மின் அமைப்புகள் இருந்ததாக ஆற்றல் துறையினர் சொல்வது வழக்கம். இங்கிலாந்தின் கெண்டல் நகரில் இருந்த கில்க்ஸ் தொழிற்சாலையின் டர்பைன்கள் அவற்றில் பலவற்றில் சுழன்றன. 1856-இல் தன் முதல் டர்பைனை வார்த்த பட்டறை அது.

தொடக்கத்தில் டர்பைன் மின்சாரம் தரவில்லை. அதன் சுழற்சியைத் தோல் பட்டி வழியாக நீண்ட இரும்புத் தண்டுக்குக் கொடுத்து, அந்தத் தண்டிலிருந்து ரோலர்களும் சல்லடைகளும் ஓடின. பிறகு அதே தண்டில் டைனமோ ஒன்றையும் மாட்டினார்கள். அப்போதுதான் தொழிற்சாலைக்கு விளக்கு வந்தது. அங்கிருந்து துரை பங்களாவுக்கு ஒரு கம்பி போனது. அதன் பின் டீமேக்கர் வீடு, கிளாக்கர் வீடு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 50 லீற்றர் தண்ணீர் 60 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் அதில் ஏறத்தாழ 29 கிலோவாட் ஆற்றல் உண்டு. எந்திரத்தில் இழப்பது போக 20 கிலோவாட் கையில் கிடைக்கும். ஒரு நடுத்தரத் தோட்ட ஓடைக்கு இது பெரிய எதிர்பார்ப்பல்ல. 20 கிலோவாட் என்பது 40 வாட் பல்பு 500 எரியப் போதுமான மின்சாரம். பகலில் பறித்த கொழுந்து மாலையில் தட்டில் வாடிக்கொண்டிருக்கும், ரோலர் நள்ளிரவுக்குப் பிறகே சுற்றும். அதாவது லயத்தில் பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரத்தில் டர்பைனின் பெரும்பங்கு சும்மா இருந்தது. தண்ணீர் மலையில் இருந்தது, எந்திரம் தோட்டத்தில் இருந்தது. லயம் வரை கம்பி இழுக்கும் முடிவு மட்டும் எடுக்கப்படவில்லை.

இந்த எந்திரங்கள் ஏன் கைவிடப்பட்டன என்பதற்கும் ஊவாவின் பருவநிலையிலேயே காரணம் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இங்கே வறண்ட காற்று வீசும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த மணம் அந்தக் காற்றில்தான் உருவாகிறது. அதே மாதங்களில் ஓடையில் தண்ணீர் குறையும். நல்ல கொழுந்து வரும் காலத்தில் டர்பைன் தளர்ந்தால் டீசல் எஞ்சினைத்தான் நம்ப வேண்டும். தேசிய மின்கம்பி மலைக்கு வந்ததும் தோட்டங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1969-இல் இலங்கை மின்சார சபை உருவானது. 1975-இன் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. ஓடையோரத்துக் கல் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

வரைபடக் கட்டு

தோட்டக் காரியாலயத்தில் பழைய நீலப்பிரதி வரைபடங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. தொழிற்சாலையின் மின்சுற்று முழுவதும் அதில் இருக்கிறது. எந்த மோட்டாருக்கு எந்தக் கேபிள், எந்த சுவிட்ச், எத்தனை அம்பியர் என்று கோடு கோடாகப் போட்டிருக்கிறார்கள். பங்களாவுக்கும் தனித் தாள் உண்டு. சாப்பாட்டறை விளக்கு, வராந்தா விளக்கு, வேலைக்காரரைக் கூப்பிடும் மணி எல்லாமே அதில் இருக்கின்றன. உத்தியோகத்தர் வீடுகளுக்குச் சுருக்கமான ஒரு தாள். லயத்துக்குத் தாள் இல்லை. காணி வரைபடத்தில் லயம் ஒரு நீள்சதுரம், பக்கத்தில் ஓர் இலக்கம், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் அந்தக் கட்டை என்னோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தார். “தம்பி, பேக்டரியில ஒரு பல்ப் போனா தொரைக்குத் தெரியும். லயத்துல குப்பி விளக்கு சாஞ்சு புள்ளைக்குச் சுட்டாலும் தோட்டத்து ஆஸ்பத்திரிப் பொஸ்தகத்துலதான் இருக்கும்” என்றார். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு இலங்கையில் எத்தனை உடல்களைச் சுட்டது என்பதை அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். சாயாத, குட்டையான, திருகுமூடி போட்ட சுதீப விளக்கை அவர் உருவாக்கினார். 1998-இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்குக்குத் தேவை இருந்தது என்பதே, அந்தக் காலத்திலும் எத்தனை வீடுகளில் கம்பி இல்லை என்பதற்குச் சான்று.

கம்பியே ஆவணம்

காகிதம் முடிந்த இடத்தில் கம்பியைப் படிக்க வேண்டியிருந்தது. அனுமதிபெற்ற மின்னியலாளர் ஒருவரோடு, குடியிருப்பவர்களின் சம்மதத்தோடு, லயத்தின் கூரைக்குக் கீழே போனோம். முறை எளிது. மெயின் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்து, ஒரு முனையில் ஒருவர் நிற்க, அடுத்த காம்பராவில் இன்னொருவர் மல்டிமீற்றரை வைத்து எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதி ஒட்டி, தாளில் கோடு போடுவது.

கம்பிக்கு வயது உண்டு. அது தன் உடம்பிலேயே அதைச் சொல்லும். உறையில் 3/029, 7/029 என்றிருந்தால் அது அங்குல அளவு. 029 என்பது ஓர் இழையின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் 29 பங்கு. மீற்றர் முறை வருவதற்கு முந்தைய சரக்கு அது. இன்று பதுளைக் கடையில் விளக்குக்குக் கேட்டால் 1/1.13 தருவார்கள், பிளக்குக்குக் கேட்டால் 7/0.67. முன்னது ஒரு சதுர மில்லிமீற்றர், பின்னது இரண்டரை. சிவப்பும் கறுப்பும் பழைய நிற ஒழுங்கு, மண்ணிறமும் நீலமும் புதியது. வட்டக் கால் பிளக் ஒரு தலைமுறை, சதுரக் கால் பிளக் அடுத்த தலைமுறை.

இந்தத் தடயங்களை அடுக்கியபோது லயத்தின் வரலாறு தெளிவாயிற்று. பழைய அங்குலக் கம்பி லயத்தின் முனைக் காம்பராவில் மட்டும், ஒரு சிறு துண்டாகக் கிடைத்தது. தொழிற்சாலையில் கழற்றியது இங்கே வந்திருக்கிறது. மற்றதெல்லாம் பிந்தியவை. 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போன பிறகு, பல தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தொழிலாளர்கள் கடன் எடுத்து மின்இணைப்புப் பெற்றார்கள். சம்பளத்தில் தவணை பிடிக்கப்பட்டது. காம்பரா தமக்குச் சொந்தமில்லாததால் இணைப்புக் கேட்கத் தோட்டத்தின் சம்மதக் கடிதமும் வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்குக் கம்பி இழுத்தது முதலாளியின் பணம், லயத்துக்கு இழுத்தது தொழிலாளியின் பணம்.

அந்தப் பணத்துக்கு முதலில் கிடைத்தது ஒரு விளக்கு, ஒரு பிளக். பிறகு மகனுக்குக் கல்யாணமாகி இஸ்தோப்பை மறித்து அறையாக்கினார்கள், கம்பி அங்கே நீண்டது. பின்னால் பலகையும் தகரமும் வைத்துக் குசினி கட்டினார்கள், கம்பி அங்கும் நீண்டது. கொழும்புக்குப் போன மகள் ரைஸ் குக்கர் அனுப்பினாள், வெளிநாடு போனவர் கேத்தல் கொண்டுவந்தார். எங்கள் தாளில் இந்த நீட்சிகள் வேம்பின் கிளைபோல விரிந்தன. சில இடங்களில் கம்பி சுவரைத் தாண்டிப் பக்கத்துக் காம்பராவுக்கும் போயிருந்தது. மீற்றர் ஒரு வீட்டில், விளக்கு இரு வீட்டில்.

எங்கே ஒழுகுகிறது

படம் கையில் வந்ததும் ஆபத்து எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. 2,000 வாட் கேத்தல் 230 வோல்ற்றில் 8.7 அம்பியர் இழுக்கும். 1,000 வாட் ஸ்திரிக்கைப்பெட்டி 4.3, 700 வாட் ரைஸ் குக்கர் 3. விடியற்காலையில் பிரட்டு எனப்படும் வேலைப் பெயர்ப்பதிவுக்குப் போகும் அவசரத்தில் மூன்றும் ஒன்றாக ஓடினால் 16 அம்பியர். அது போகும் வழி விளக்குக்காக இழுத்த ஒரு சதுர மில்லிமீற்றர் கம்பி.

இதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. கூரைத் தகரத்தில் உரசி உறை தேய்ந்த இடத்தில், ஈர மரத்தின் வழியாக அரை அம்பியர் ஒழுகினால் அந்த ஒரு புள்ளியில் 115 வாட் சூடு. 15 அம்பியர் பியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றியிருந்தால் எதையுமே கண்டுகொள்ளாது. எர்த் கம்பி இல்லாத வீட்டில் ஒழுகும் மின்சாரம் தனக்கு வழி தேடிக்கொள்ளும். தகரமும், நனைந்த பலகையும், கொடிக் கம்பியைத் தொடும் கையும் அதற்கு வழிதான். 30 மில்லி அம்பியரிலேயே துண்டித்துவிடும் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் இந்த அரை அம்பியர் ஒரு கணமும் நிற்காது. சுவரைத் தாண்டிய கம்பிகளுக்கு அந்தப் பாதுகாப்பும் குழம்பிப்போகும், ஏனெனில் எந்த சுவிட்ச் எந்தக் காம்பராவை அணைக்கும் என்பது அங்கே வசிப்பவருக்கே தெரியாது.

குடியிருப்பவர்களின் கவனக்குறைவு என்று இதை முடித்துவிடுவது அநியாயம். அனுமதியும் வரைபடமும் இல்லாமல், கடனில் வாங்கிய ஒரு விளக்கிலிருந்து மூன்று தலைமுறை தம் தேவைக்குக் கம்பி நீட்டியிருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு மோட்டார் கூடினால் வரைபடம் திருத்தப்பட்டது. லயத்தில் ஒரு குடும்பம் கூடினாலும் திருத்துவதற்கு வரைபடமே இருந்ததில்லை.

காகிதத்தில் இல்லாதவர்களுக்கு என்ன நேரும் என்பதை ஊவா 2014 ஒக்டோபர் 29 அன்று பார்த்தது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது, உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே ஆளுக்கொன்றாகச் சொல்லப்பட்டது. குடியிருப்பின் பதிவு என்பது உயிர்காக்கும் கருவி என்பதை அதற்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது.

தனி வீடும் சொந்தக் காணியும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், அது உரிமை. அது வரும்வரை லயத்தில் இன்றிரவும் விளக்கு எரியும். அதனால் நான் கேட்பது எளியது. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மின்வரைபடம் வேண்டும். அதைத் தோட்டத்து இளைஞர்களே, தகுதிபெற்ற மின்னியலாளரின் மேற்பார்வையில் வரையலாம். பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலை படிக்கும் பிள்ளைகளில் லயத்துப் பிள்ளைகளும் உண்டு. படத்தின் ஒரு பிரதி மீற்றர் பலகைக்குப் பக்கத்தில், ஒன்று தோட்டக் காரியாலயத்தில், ஒன்று பகுதி மின்விநியோக அலுவலகத்தில். படம் முடிந்த லயத்தில் முதலில் எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் பொருத்த வேண்டும். அந்தச் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நூறாண்டுத் தேயிலை அதைத் தாங்கும்.

நாங்கள் வரைந்த தாளைக் காரியாலயத்தில் கொடுத்தோம். தொழிற்சாலை, பங்களா வரைபடங்கள் இருக்கும் அதே அலமாரியில், அதே இலக்க வரிசையில் அதையும் பதிவுசெய்யச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறோம். அடுத்த லயத்துக்கான தாளை அங்கே வசிக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே வரையத் தொடங்கிவிட்டார்கள்.